வெயிலில் கிடந்த பாட்டில்

பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? இடது காது எப்படி? வலது காதைக் கேட்கவில்லை, அது போனது போனதுதான். ஞாயிற்றுக்கிழமை நான் ஃபோனில் கத்தியது உங்களைத் தவிர இந்த விடுதியில் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. பக்கத்துக் கட்டில் நர்ஸ் வந்து, "உங்கப்பா சாப்பிட்டாரா இல்லையான்னு இப்ப எனக்கே கவலையாயிடுச்சு" என்றாள். மெசேஜ் அனுப்பினாலோ, நீங்கள் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் திரை அணைந்துவிடும். ஆகவே இனி கடிதம்தான்.

வேலை பிடித்திருக்கிறது. பிஸ்கட், சிப்ஸ், சூப் பொட்டலங்களின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் நாலு வரி இருக்குமே, யாருமே படிக்காத அந்த நாலு வரி, அதை எழுதுவது இனிமேல் நான்தான். என் மேலதிகாரிக்கு ஆபீசில் கமாக்கா என்று பேர். யார் எதை எழுதிக் கொடுத்தாலும் ஒரு கமாவைப் பிடுங்கிவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார்.

இருந்தாலும் நான் முதலில் வேலை கேட்டுப் போன அந்த ருசிக்கூடம் ஞாபகம் வந்தால் வயிறு எரிகிறது அப்பா. நான் என்ன சும்மாவா போனேன்? நாலு வருஷமாக இணையத்தில் 'மொறுமொறு' பக்கம் நடத்துகிறேன். இருநூற்றுப் பன்னிரண்டு வகை சிப்ஸுக்கு மார்க் போட்டிருக்கிறேன். மூவாயிரம் பேர் என்னை நம்பி சிப்ஸ் வாங்குகிறார்கள். கூண்டு மாதிரி அறை, நிறம் தெரியாமல் இருக்க சிவப்பு விளக்கு, சின்ன ஜன்னல் வழியாக வரும் மூன்று கோப்பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மூன்று இலக்க எண். இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் மட்டும் வேறு, அது எது என்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் வீடியோ பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டு போனேன். ஆறு தட்டில் ஐந்து சரியாக இருந்தால் வேலை. எனக்கு நாலு. ஒரே ஒரு கோப்பையில் போச்சு. காத்திருப்புப் பட்டியலில் என் பேர்தான் முதலில் இருக்கிறதாம். அங்கிருந்து எனக்கு ஏதாவது கடிதம் வந்ததா?

அன்று ஒருத்தர் வராமல் போனதால், பெஞ்சில் எனக்காகக் காத்திருந்த உங்களைக் கூப்பிட்டு எட்டாவது கூண்டில் உட்கார வைத்தார்களே, அதை நர்ஸிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். எதை வைத்தாலும் 'நல்லா இருக்கு' என்று மட்டும் சொல்கிற மனிதரிடம் போய் எது வேறு என்று கேட்டால் என்ன செய்வார், பாவம்.

அம்மாவிடம் நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். கொஞ்சம் நம்புகிற மாதிரி சொல்லுங்கள்.

உங்கள்
மொறுமொறு


பிப்ரவரி 17

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

இங்கே வீடு, அம்மா, என் இடது காது மூன்றும் சௌக்கியம். உனக்கு நல்ல வேலை கிடைத்ததில் சந்தோஷம். பொட்டலத்தின் பின்பக்கத்தை இனிமேல் நான் படிக்கிறேன்.

நீ கேட்டது பற்றி: உன் பெயருக்குக் கடிதம் எதுவும் வரவில்லை.

வேறு விசேஷம் இல்லை. சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

அப்பா

(அம்மா எழுதுகிறேன். இந்த நாலு வரியை எழுத உங்கப்பாவுக்கு ரெண்டு நாள் ஆச்சு. ஏன்னு கேட்டா பேனா சரியில்லையாம். புதுப் பேனா.)


பிப்ரவரி 17

மதிப்பிற்குரிய ஆய்வகப் பொறுப்பாளர் அம்மையாருக்கு,

வணக்கம். ஆறு தட்டிலும் நான் சரியாகச் சொல்லியிருப்பதாகவும், மூன்று மாதப் பயிற்சிக்கு வர வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு உறையின் மேல் பெயரைத் திரும்பப் பார்த்தேன். என் பெயர்தான் இருக்கிறது.

அம்மா, இதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை. நான் பழச்சாறு கம்பெனியில் இருபத்தேழு வருஷம் இருந்தவன். கடைகளிலிருந்து திரும்பி வரும் காலி பாட்டில்களில் ஜனங்கள் மண்ணெண்ணெய், பினாயில், பெயின்ட் கரைக்கிற திரவம் எல்லாம் ஊற்றி வைத்திருப்பார்கள். கழுவும் மெஷினுக்குள் போவதற்கு முன் முகர்ந்து பார்த்து அந்த மாதிரியானதை ஒதுக்குவது என் வேலை. வீட்டில் 'பாட்டில் மெஷினில் இருக்கிறேன்' என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். பாட்டில் மோந்து பார்க்கிறவர் மகள் என்று பள்ளிக்கூடத்தில் என் பெண்ணை யாரும் கேலி செய்துவிடக் கூடாதே என்று. படிவத்தில் 'அனுபவம்' என்ற இடத்தில் 'இல்லை' என்று போட்டதும் அதனால்தான். மோப்பம் பிடிப்பதை எல்லாம் யார் அனுபவம் என்று எழுதுவார்கள்?

அன்று உங்களிடம் வேலை கேட்டு வந்தது என் மகள். அவளைக் கூட்டி வந்தவன்தான் நான். காத்திருப்புப் பட்டியலில் அவள் முதலில் இருக்கிறாளாம். என் இடத்தை அவளுக்குக் கொடுத்துவிடுங்கள். அவளுக்கு இந்த உலகத்தில் இதைவிடப் பிடித்தது கிடையாது. அந்த வேலைக்கு நான் போனேன் என்று தெரிந்தால் அவள் இனி ஒரு சிப்ஸைக்கூடச் சந்தோஷமாகக் கடிக்க மாட்டாள்.

சீக்கிரம் பதில் போடுங்கள். உண்மையைச் சொன்னால், அந்தச் சிவப்பு அறை எனக்கும் பிடித்துவிட்டது. ஆசை வளர்வதற்குள் இதை முடித்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
எட்டாவது கூண்டில் இருந்தவன்


பிப்ரவரி 25

ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இடத்தை மாற்றித் தர வழியில்லை. நாக்கை மாற்றித் தர முடிந்தால் பார்க்கலாம்.

ஒருவருடைய விடைத்தாளைப் பற்றி இன்னொருவரிடம் நாங்கள் பேசுவதில்லை, பெற்றோராக இருந்தாலும். எங்களிடம் காத்திருப்புப் பட்டியல் என்று ஒன்று கிடையாது என்பதை மட்டும் பொதுவாகச் சொல்லலாம்.

உங்கள் படிவத்தில் 'இல்லை' என்பதை நான் அடித்துவிட்டேன். நாங்கள் தயாரிப்பது சிப்ஸ் மேல் தூவுகிற, சூப்பில் கலக்கிற சீசனிங் பொடி. ஒரே வேலையில் வருஷக்கணக்காக ஊறியவரை இங்கிலீஷில் சீசன்ட் ஆள் என்பார்கள். அந்த வார்த்தையை அங்கே எழுதியிருக்கிறேன். எனக்கு இங்கே தேவை அந்த மாதிரி ஆள்தான்.

செவ்வாய், வெள்ளி காலை பத்து மணி. வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். ஷேவிங் லோஷன், வாசனைப் பவுடர் கூடாது. ஒரு கோப்பைக்கும் அடுத்த கோப்பைக்கும் நடுவில் நாக்கைச் சுத்தம் செய்ய வெந்நீரும் உப்பில்லாத பிஸ்கட்டும் நாங்களே தருவோம்.

ஒரு விஷயம். எந்தக் கோப்பை வேறு என்று கண்டுபிடித்தால் மட்டும் போதாது, எப்படி வேறு என்று எழுதத் தெரிய வேண்டும். அன்று ஆறு இடத்திலும் 'வேற மாதிரி இருக்கு' என்று எழுதியிருந்தீர்கள். ஜூனில் பயிற்சி முடியும்போது உங்களை வைத்துக்கொள்வதா இல்லையா என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம்.

உங்கள் வரவை எதிர்பார்த்து,
ஆய்வகப் பொறுப்பாளர்


ஏப்ரல் 12

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? உன் மார்ச் கடிதத்துக்குப் பதில் போடத் தாமதமாகிவிட்டது. நாங்கள் சுகம். அம்மாவுக்குத் தையல் கடையில் வேலை அதிகம். நான் காலையில் கொஞ்சம் நடக்கப் போகிறேன்.

நூலகத்தில் இருக்கிற பெண்ணிடம் சொல்லி உன் பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னேன். முழுக்கப் படித்தேன். எவ்வளவு வார்த்தைகள் உனக்கு. எனக்கு அதெல்லாம் வராது. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன், சில ருசிக்கு எல்லாம் பேர் இருக்கிறதா? விழுங்கிய பிறகு தாமதமாக வருவதற்கு? எண்ணெய் பழசானால் தொண்டையில் பிடிக்குமே, அதற்கு? அப்புறம் ஒன்று இருக்கிறது, வெந்நீர் குடித்து, உப்பில்லாத பிஸ்கட்டைக் கடித்த பிறகும் நாக்கை விட்டுப் போகாமல் நிற்கும். அதற்கு என்ன சொல்வது?

அவசரம் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் போதும்.

அப்பா

(அம்மா எழுதுகிறேன். ஷேவிங் லோஷனைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துட்டார். புது பாட்டில். என்னை ஒண்ணும் கேட்காதே, நான் வாயைத் திறக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்.)


ஏப்ரல் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம், சுகம், அதைவிட அதிகமாகவே சுகம். என் பக்கத்தை நீங்கள் படித்தீர்களா? நூலகத்தில் உட்கார்ந்தா? கடிதத்தை நர்ஸிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நர்ஸ் டியூட்டிக்குப் போன பிறகும் படித்தேன்.

பேர் எல்லாவற்றுக்கும் இருக்கிறது அப்பா. தாமதமாக வருவது பின்ருசி. எண்ணெய் பழசாகித் தொண்டையில் பிடிப்பது காறல். மிளகாய் வறுக்கும்போது மூக்கில் ஏறுவது கமறல், இது வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். நாக்கை விட்டுப் போகாதது அடிநாக்கில் தங்குகிற துவர்ப்பாக இருக்கும். இன்னும் நாற்பது வார்த்தை தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நாலு வருஷச் சேமிப்பு, பத்திரம்.

இதே வாரம் இங்கே ஒரு கூத்து. ஒரு சூப்புக்கு இங்கிலீஷ் வரியில் 'வெல் சீசன்ட்' என்று எழுதினேன். கமாக்கா அதை வட்டம் போட்டு, "இது சூப்பா, இல்ல ரிட்டயர் ஆகப்போற மேனேஜரா?" என்றார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. உப்பும் மிளகும் சேர்ந்த சூப்புக்கும் அதே வார்த்தை, முப்பது வருஷம் அடிபட்ட ஆளுக்கும் அதே வார்த்தை. மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்து தேடினேன். பருவம் வந்து கனிவது என்பதிலிருந்து கிளம்பிய வார்த்தையாம். பழம் கனிந்தது, அப்புறம் மரம் காய்ந்து பதப்பட்டது, சமையல் ருசி பிடித்தது, கடைசியில் மனுஷனும் கனிந்துவிட்டான்.

நம்மிடம் இல்லையா என்று யோசித்தால், இருக்கிறது. பொரியலும் பக்குவமாக வெந்திருக்கிறது, ஆளும் பக்குவமான ஆள். ஊறுகாயும் ஊறுகிறது, கமாக்காவும் இந்த வேலையிலேயே ஊறிப்போனவர். அதையும் தாண்டி ஒன்று. 'அனுபவிச்சு சாப்பிட்டேன்' என்கிறோமே. இங்கிலீஷ்காரன் அனுபவப்பட்டவனுக்கு ருசியின் பேரை வைத்தான், நாம் ருசிப்பதற்கே அனுபவம் என்று பேர் வைத்துவிட்டோம். இதைப் பக்கத்தில் போட்டேன், அறுநூறு பேர் பார்த்தார்கள், ஒருத்தர் மட்டும் 'சிப்ஸ் எங்கே' என்று கேட்டார்.

நம் வீட்டில் அந்த வார்த்தைக்கு உரிய ஆள் நான்தான், இருநூற்றுப் பன்னிரண்டு சிப்ஸ். நீங்கள் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறீர்கள். கேளுங்கள், சொல்லித் தருகிறேன்.

அம்மாவுக்கு ஒரு பெரிய அணைப்பு.

மொறுமொறு


ஏப்ரல் 19

அப்பா,

நேற்று கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து உங்களுடையதை இன்னொரு தடவை படித்தேன்.

உப்பில்லாத பிஸ்கட்டை உங்களுக்கு யார் கொடுக்கிறார்கள்?


ஏப்ரல் 26

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு இன்று வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அவர்கள்தான் கொடுக்கிறார்கள். ஆறுக்கு ஆறு வந்தது. கடிதம் என் பெயருக்கு வந்தது. உனக்கு வரவில்லை என்று எழுதினேன், அது பொய் இல்லை, உண்மையும் இல்லை. மார்ச் மூன்றாம் தேதியிலிருந்து போகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாட்டில் மெஷினில் நான் பட்டனைத் தட்டிக்கொண்டு இருக்கவில்லை. பாட்டில்களை மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஷிப்டுக்கு எத்தனை ஆயிரம் என்று எண்ணியதில்லை. வீட்டுக்கு வந்து தட்டில் எது இருந்தாலும் மண்ணெண்ணெய் வாசனை இல்லாததே எனக்குப் பெரிய விஷயம். அதனால்தான் எல்லாம் நல்லா இருந்தது. உன்னை ஏமாற்றச் சொன்னது இல்லை.

நான் கேட்காமலே நீ கொடுத்த நாற்பது வார்த்தையை உன்னிடம் சொல்லாமல் அங்கே எடுத்துக்கொண்டு போகப் பார்த்தேன். அதுதான் எனக்கு ரொம்ப அசிங்கமாக இருக்கிறது. இனிமேல் வரவில்லை என்று அவர்களுக்கு எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை கொடுத்துவிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


மே 27

அடியே,

நான் நன்றாக இல்லை. நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்கவும் போவதில்லை, ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி கிடையாது. ஃபோன் செய்தால் 'வேலைல இருக்கேன்மா' என்று வைத்துவிடுகிறாய்.

தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால் உங்கப்பாதான் முதலில் எழுந்து போகிறார். இடி விழுந்தாலும் கேட்காத மனுஷனுக்கு அது மட்டும் எப்படிக் கேட்கிறதோ. போய்விட்டு மின்சாரக் கம்பெனி காகிதத்தோடு திரும்பி வருகிறார்.

அவர் எழுதிய ராஜினாமாவை நான் என் தையல் மெஷின் டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டேன். "பொண்ணுக்கு ஒரு கஷ்டம்னா நீங்க வேலைய விட்டா அது தீருமா?" என்று கேட்டேன். சரி என்று போய்க்கொண்டிருக்கிறார். ஆனால் அங்கே போய் மறுபடி 'வேற மாதிரி இருக்கு' என்றுதான் எழுதுகிறாராம். ஏன் என்று கேட்டால், "அவ வார்த்தை. அவ சொல்லாம எடுக்கக் கூடாது" என்கிறார். ஜூன் பத்தொன்பது கடைசி நாள். இப்படியே போனால் அனுப்பிவிடுவார்களாம்.

உனக்குக் கோபம் வர உரிமை இருக்கிறது, அதை எழுதி அனுப்பு. திட்டியாவது அனுப்பு. சும்மா இருக்காதே.

அம்மா


ஜூன் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலமாக இல்லை என்று எழுதினால் பதறுவீர்கள், உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் நலமா? உண்மையாகவே கேட்கிறேன்.

முதல் வாரம் பயங்கரக் கோபம். வேலைக்காகத்தான், மழுப்பவில்லை. நான் பார்த்துப் பார்த்து வளர்த்த செடியில் பூத்ததை நீங்கள் பறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அதற்கு அப்புறம் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. எனக்கும் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது, அதை எழுத முடியவில்லை.

எனக்கு நாலு வரவில்லை அப்பா. ஒன்று. ஆறுக்கு ஒன்று.

காத்திருப்புப் பட்டியல் என்று ஒன்றே கிடையாது, பஸ்ஸில் வரும்போது நானாகச் சொன்னது. அன்று கூண்டுக்குள் மூன்று கோப்பையும் எனக்கு ஒரே மாதிரி இருந்தது. எல்லாத் தட்டிலும் குத்துமதிப்பாகத்தான் எழுதினேன். போன மாதம் நர்ஸை வைத்து வீட்டு வைத்தியம் மாதிரி ஒரு பரீட்சை வைத்துக்கொண்டேன். மூன்று டம்ளர் தண்ணீர், ஒன்றில் மட்டும் கொஞ்சம் சர்க்கரை. ஒன்பது தடவையில் மூன்று தடவை சரியாகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கையைக் காட்டினாலே அவ்வளவு வருமாம். நர்ஸ் டார்ச் அடித்து என் நாக்கைப் பார்த்துவிட்டு, "நாக்கு நல்லாத்தான் இருக்கு. பேசறதுக்கு வெச்சது போல" என்றாள்.

எனக்குப் பிடித்தது என்ன என்று யோசித்தேன். பொட்டலம் கிழிகிற சத்தம், அந்தப் பேர்கள், முக்கியமாக அதைப் பற்றி எழுதுவது. ருசி எனக்கு எப்போதும் மங்கலாகத்தான் தெரிந்திருக்கிறது, வார்த்தையை வைத்து நிரப்பிக்கொண்டேன். இதைப் பக்கத்தில் அப்படியே போட்டேன். இருநூறு பேர் போய்விட்டார்கள். ஒருத்தர், "நீ பத்துக்கு ஒன்பது போட்ட வெங்காய சிப்ஸ வாங்கித் தின்ன அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்று எழுதினார். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகுதான் இந்தத் தாளை எடுத்தேன்.

அந்த நாற்பது வார்த்தையை நீங்கள் திருடவில்லை. ஆனால் அதை எடுத்துக்கொண்டு போகவும் வேண்டாம். அது நான் படித்துச் சேர்த்தது, தின்று சேர்த்தது இல்லை. உங்கள் மூக்குக்குப் பொருந்தாது. இருபத்தேழு வருஷமாக அந்த பாட்டில்களில் என்னென்ன இருந்ததோ அதை எழுதுங்கள். அசிங்கமாக இருந்தால் அசிங்கமாகவே எழுதுங்கள். பத்தொன்பதாம் தேதி போங்கள்.

பள்ளிக்கூடத்தில் யாராவது என்னைக் கேலி செய்திருந்தால், எங்கப்பா மோந்து பார்க்காமல் நீ ஜூஸ் குடிச்சிருக்க முடியாது என்று நான் சொல்லியிருப்பேன். அதைச் சொல்லும் வாய்ப்பை எனக்குக் கொடுக்கவில்லை, அது மட்டும் இன்னும் கொஞ்சம் கோபம்.

திட்டியாவது எழுதச் சொன்னதற்கு அம்மாவிடம் நன்றி சொல்லுங்கள்.

மொறுமொறு


ஜூன் 24

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றிலிருந்து இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மா அதைச் சத்தமாகப் படித்தாள். பிறகு நான் வாங்கித் தனியாகப் படித்தேன். பரீட்சை மார்க் பற்றி எழுதியிருந்தாய். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை தக்காளி சூப். 640 எண் கோப்பைதான் வேறு, அது முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. எழுத வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். காறல் என்று எழுதலாம் என்று கை போனது. பேனாவை எடுத்துவிட்டு இப்படி எழுதினேன்: 'அடியில் ஒரு மடக்கு பழச்சாறு மிச்சம். மூடி இறுக்கமில்லை. ரெண்டு மூணு நாள் வெயிலில் கிடந்த பாட்டில்.'

முடிந்ததும் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்காருவோம், பொறுப்பாளர் அம்மா ஒவ்வொருத்தர் எழுதியதையும் வாசிப்பார். மற்றவர்கள் பழசு, புளிப்பு, சரியில்லை என்று எழுதியிருந்தார்கள். என்னுடையதை வாசித்ததும் ரிட்டயர் ஆன பாங்க் குமாஸ்தா ஒருத்தர், "சார், சூப்பக் குடிக்கச் சொன்னா பாட்டிலப் பத்தி எழுதறீங்களே" என்று சிரித்தார். இரண்டு பேர் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த அம்மா சிரிக்கவில்லை. "அந்த பாட்டில உங்களால செஞ்சு காட்ட முடியுமா?" என்று கேட்டார்.

ஒரு பாட்டிலில் ஆரஞ்சுச் சாறு ஒரு மடக்கு விட்டு, மூடியைச் சும்மா வைத்து, மொட்டை மாடியில் போட்டேன். கடைசி நாள் தாண்டியும் முடிவைத் தள்ளி வைத்துவிட்டார்கள். நேற்று செவ்வாய்க்கிழமை எட்டுப் பேரும் முதலில் பாட்டிலை மோந்தோம், அப்புறம் வெந்நீர், பிஸ்கட், அப்புறம் சூப். அந்த குமாஸ்தாதான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அட, அதேதான்யா" என்றார்.

விசாரித்ததில், அந்தத் தக்காளிப் பொடி மூட்டை லாரியிலேயே வெயிலில் கிடந்ததாம். பொறுப்பாளர் அம்மா சுவர்ப் பலகையில் 'வெயில் பாட்டில்' என்று பெரிதாக எழுதினார். இந்த ருசி வந்தால் எட்டுப் பேரும் இனி இந்தப் பேரைத்தான் எழுத வேண்டுமாம். என்னை வைத்துக்கொண்டார்கள்.

இருபத்தேழு வருஷம் அந்த வாசனை என் மூக்குக்குள் மட்டும் இருந்தது. வீட்டுக்குக் கொண்டு வரக் கூடாது என்று குளித்துவிட்டு வருவேன். இப்போது ஏழு பேருக்கு அது என்ன என்று தெரியும். எதற்காக இவ்வளவு சந்தோஷப்படுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

ஒன்று மட்டும். உனக்கு மனதில் ஏதாவது இருந்தால் எனக்காக மறைக்காதே. உள்ளதை எழுது.

அப்பா

(அம்மா எழுதுகிறேன். மொட்டை மாடியில் அந்த பாட்டிலுக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காக்கா தட்டிவிடுமாம்.)


ஜூலை 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவுக்கும் உங்களுக்கும் குடைக்கும் என் அன்பு.

கடிதத்தை நான் நாலு தடவை படித்தேன், நர்ஸ் இரண்டு தடவை, கமாக்கா ஒரு தடவை. கமாக்கா அதில் எதையும் பிடுங்கவில்லை. இங்கே வந்த நாளிலிருந்து அவர் கை படாமல் தப்பிய முதல் எழுத்து உங்களுடையது.

பக்கத்தில் மார்க் போடுவதை நிறுத்திவிட்டேன். உங்கள் பேரையும் கம்பெனியையும் சொல்லாமல், வெயில் பாட்டிலைப் பற்றி மட்டும் எழுதி, உங்களுக்குத் தெரிந்த ஒரு வாசனையைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். ஒரு லாரி டிரைவர் 'முதல் மழையில் நனைஞ்ச தார்ப்பாய்' என்கிறார். ஒரு டீச்சர் 'லீவு முடிஞ்சு திறக்கிற வகுப்பறை'. பல் டாக்டர் ஒருத்தர் எழுதியதைச் சாப்பிடும்போது படிக்க வேண்டாம். போன இருநூறு பேருக்குப் பதிலாக ஐந்நூறு பேர் வந்திருக்கிறார்கள். அவரவர் வேலையில் ஊறியதைக் கொண்டு வந்து கொட்டுகிறார்கள், நான் உட்கார்ந்து வரிசைப்படுத்தி, சரியான வார்த்தை போட்டு அடுக்குகிறேன். இது எனக்கு வருகிறது அப்பா. ஒன்பதுக்கு ஒன்பது வருகிறது.

உள்ளதை எழுதச் சொன்னீர்கள். நேற்று நர்ஸ் கேட்டாள், "உண்மையச் சொல்லு, உங்கப்பாவ நினைச்சா உனக்குப் பெருமையா, பொறாமையா?" என்று. யோசித்துப் பார்த்தேன். ரெண்டும் இருக்கு, ஆனா எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியலை, அதுக்கெல்லாம் எங்கப்பா மாதிரி ஆள்தான் வேணும் என்று சொன்னேன்.

பன்னிரண்டாம் தேதி மூன்று நாள் லீவில் வருகிறேன்.

உங்கள்
மொறுமொறு